600 கிலோ விமானம்: இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தில் ஏறும் புதியவர்களுக்கு

அமெரிக்காவில் 2004இல் ‘லைட் ஸ்போர்ட்’ என்று ஒரு விமான வகைக்குத் தனி விதி வந்தது. இரண்டு இருக்கை, ஒரே எஞ்சின், உள்ளே மடங்காத சக்கரம், அதிகபட்ச எடை 600 கிலோ. நேர்மட்டத்தில் 120 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இறக்காத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், 45 நாட் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். இதை ஓட்டுவதற்கான ‘ஸ்போர்ட் பைலட்’ உரிமத்துக்குக் குறைந்தது 20 மணி நேரப் பறத்தல் போதும். அதில் 15 மணி பயிற்றுநரோடு, 5 மணி தனியாக. 20 மணியில் முடித்தவர்கள் குறைவு, அந்தக் கணக்கை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள்.

2025 அக்டோபரில் இந்த உரிமத்தின் எல்லைகள் விரிந்துவிட்டன. நான்கு இருக்கை விமானத்தைக்கூட (ஒரே பயணியோடு) ஓட்டலாம் என்கிறார்கள். ஆனாலும் பல பயிற்சிப் பள்ளிகளில் புதியவர் ஏறப்போவது இன்னும் அந்த 600 கிலோ விமானத்தில்தான். அதில் பெரும்பாலானவற்றின் மூக்கில் இருப்பது ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ற 100 குதிரைத்திறன் எஞ்சின். டெக்னாம், ஃபிளைட் டிசைன் சிடிஎல்எஸ் போன்றவை இந்த ரகம். கீழே சொல்லும் எஞ்சின் எண்கள் எல்லாம் ரோட்டாக்ஸுக்கானவை. உங்கள் பள்ளியில் செஸ்னா 162 இருந்தால் அதில் கான்டினென்டல் எஞ்சின், பழக்கவழக்கமே வேறு. எதுவானாலும் கடைசிச் சொல் அந்த விமானத்தின் கையேட்டுக்கும் உங்கள் பயிற்றுநருக்கும்தான்.

படிகளுக்குள் போகும்முன் ஒன்று. சின்ன விமானம் என்றால் சுலபமான விமானம் என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். ஓடும் லாரியில் ஆக்சிலேட்டரை விட்டாலும் அது வெகுதூரம் உருளும். எதிர்க்காற்றில் சைக்கிளை மிதிக்காமல் விட்டுப் பாருங்கள். இலகு விமானம் சைக்கிள் ஜாதி. வேகத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு எடை கிடையாது. மூக்கை ஒருமுறை அதிகமாகத் தூக்கினால், எஞ்சின் ஒருமுறை அடங்கினால், வேகம் கண்முன்னே கரையும். இனி வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சமாளிக்கத்தான்.

வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு

முதலில் எடை. காலி விமானம் 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 250 கிலோ. நீங்களும் பயிற்றுநரும் ஆளுக்கு 90 கிலோ என்றால் 180 போய்விட்டது. மிச்சம் 70. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ. சிடிஎல்எஸ்ஸின் டேங்குகள் நிறைந்தால் ஏறத்தாழ 130 லிட்டர், அதாவது 94 கிலோ. ஆக, இரண்டு சாதாரண ஆட்கள் ஏறி டேங்கையும் நிரப்பினால் 24 கிலோ கூடுதல். தண்ணீர் பாட்டிலும் பையும் அதற்கு மேலே. ‘டேங்க் ஃபுல்’ என்பது இந்த விமானங்களில் நல்ல பழக்கம் அல்ல, கணக்குப் போட்டு ஊற்றுவதுதான் பழக்கம்.

எவ்வளவு ஊற்றுவது? பயிற்சியில் மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் ஒன்றரை மணிப் பாடத்துக்கு 30 லிட்டர். அமெரிக்க விதிப்படி பகலில், கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது, சேருமிடம் போன பிறகும் அரை மணிக்கான எரிபொருள் மிஞ்ச வேண்டும். ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்த இன்னோர் அரை மணி வெறும் 7 கிலோதான்.

எடை கூடாமல் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்கச் சாமான் அறையில் கனம் ஏறினால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகும், ஸ்டாலிலிருந்து மீள்வது கடினமாகும். கையேட்டில் உள்ள வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வெப்பம். சூடான காற்று மெலிந்த காற்று. இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. டென்வரை ஒட்டிய சென்டெனியல் விமான நிலையம் 5885 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கான திட்ட வெப்பநிலை (கணக்குக்கு வைத்திருக்கும் சராசரி அளவு) சுமார் 3 டிகிரி. கோடையில் 35 டிகிரி அடித்தால் வித்தியாசம் 32. ஒரு டிகிரிக்கு 120 அடி என்று கூட்டினால், உங்கள் விமானம் கிட்டத்தட்ட 9700 அடி உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். ஓடுபாதை போதுமா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் பழகியவர்கள் மேட்டு நிலத்தில் ஏமாறுவது இங்கேதான்.

காற்றையும் வானிலையையும் பார்த்துவிட்டு உங்களையும் ஒருமுறை பாருங்கள். தூக்கம், ஜலதோஷ மாத்திரை, மனக்கவலை எல்லாம் கணக்கில் வரும். மது குடித்தால் சட்டப்படி 8 மணி நேரம் பறக்கக் கூடாது. 8 மணி கடந்தும் தலை கனத்தால் அன்றைக்கும் வேண்டாம். ஆரம்பப் பாடங்களைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. பகல் ஏற ஏறத் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று இந்த எடையை ஆட்டிவைக்கும். நடு மதியத்தில் தரையிறக்கம் பழகுவது வீண் செலவு என்பது என் கருத்து.

விமானத்தைச் சுற்றி ஒரு நடை

கையில் பட்டியலோடு, ஒரே திசையில், ஒரே வரிசையில் சுற்றுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்குங்கள். எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை.

எய்லிரான் (இறக்கையில், விமானத்தைச் சாய்க்க), எலிவேட்டர் (வாலில், மூக்கை ஏற்றி இறக்க), ரட்டர் (வாலில், காலால் மிதித்து மூக்கை இடம்வலம் திருப்ப) மூன்றின் கீல்களையும் நட்டுகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வேகமானிக்குக் காற்றைக் கொடுக்கும் சின்னக் குழாயின் உறையைக் கழற்றினீர்களா? அந்தத் துளைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருப்பது சர்வ சாதாரணம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்தாகத் தங்கும். டேங்கில் இருக்கும் அளவை மீட்டரை நம்பாமல் குச்சி விட்டோ பக்கக் குழாயிலோ கண்ணால் பாருங்கள்.

மூக்குச் சக்கரத்தின் அருகே குனிந்து நிதானமாகப் பாருங்கள். இந்த ரக விமானங்களில் அதிகம் அடி வாங்கும் பாகம் அதுதான். உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் தடாலென்று இறக்கியிருந்தால் அந்தக் காலிலும் அதைத் தாங்கும் சட்டத்திலும் வளைவோ விரிசலோ சுருக்கமோ தெரியும்.

இப்போது எண்ணெய். ரோட்டாக்ஸில் எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தங்காது, தனி டேங்கில் இருக்கும். நின்ற எஞ்சினில் ஒரு பகுதி உள்ளேயே தேங்கிவிடுவதால் நேராகக் குச்சி விட்டுப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். இரண்டு இக்னிஷன் சுவிட்சும் அணைந்திருக்கிறதா, சாவி உங்கள் பையில் இருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று பார்த்த பிறகு, எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சிறிது நேரத்தில் டேங்குக்குள் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் கேட்கும். தேங்கிய எண்ணெய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகே குச்சி. எதிர்த்திசையில் சுற்றவே கூடாது, எண்ணெய்ப் பாதைக்குள் காற்று புகுந்துவிடும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். ஆகவே புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினைத்து, உடம்பு அதன் வட்டத்துக்குள் வராமல் நின்று சுற்றுங்கள்.

சில விமானங்களில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கும். அதை வெளியே இழுப்பது ஒரு ராக்கெட். அது சீறிக்கொண்டு வரும் இடத்தைக் காட்டும் எச்சரிக்கை ஒட்டுப்படத்தைத் தேடிப் பார்த்து வையுங்கள். கைப்பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியைப் பறக்கும் முன் எடுக்க வேண்டும், இறங்கியதும் திரும்பச் செருக வேண்டும். ஊசியோடு பறந்தால் பாராசூட் இருந்தும் இல்லாத கணக்கு.

எஞ்சினைக் கிளப்புதல்

1. பிரேக் பிடித்தாயிற்றா, பெட்ரோல் வால்வு திறந்ததா, பெல்ட் போட்டாயிற்றா, கதவு பூட்டியதா என்று பாருங்கள்.
2. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை (கூடுதல் பெட்ரோல் கொடுத்துக் கிளப்ப உதவும் பிடி) இழுங்கள். அப்போது த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்க மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோக் வேலை செய்யாது.
3. ஜன்னல் வழியாக ‘கிளியர்’ என்று உரக்கச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, நாலு பக்கமும் பாருங்கள். சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்வதும் சொல்லாததும் ஒன்றுதான்.
4. ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். பற்றாவிட்டால் 2 நிமிடம் ஆறவிடுங்கள்.
5. பற்றியதும் கண் எண்ணெய் அழுத்த மானிக்குப் போக வேண்டும். 10 விநாடிக்குள் முள் ஏறாவிட்டால் உடனே அணையுங்கள்.
6. நிமிடத்துக்கு 2000 சுற்று என்ற வேகத்தில் 2 நிமிடம், அப்புறம் 2500இல் எண்ணெய் 50 டிகிரியைத் தொடும் வரை.

கடைசிப் படியில்தான் பொறுமை போய்விடும். வாடகை மணி ஓடுகிறதே என்று குளிர்ந்த எஞ்சினை முழுச் சக்தியில் தள்ளாதீர்கள். இந்த எஞ்சின் 5800 சுற்று சுழல்வது. புரொப்பெல்லருக்குப் போகும்போது கியர் அதை 2.43 மடங்கு குறைத்துக் கொடுக்கிறது. ரொம்பக் குறைந்த சுற்றில் ஓடவிட்டால் அந்தக் கியர்ப்பெட்டி கடகடவென்று அதிரும், அதுவும் அதற்கு ஆகாது.

தரையில்

நடக்கிற வேகம் போதும். இறக்கையின் கீழே காற்று புகுந்தால் நிற்கும் விமானத்தையே தூக்கிப் பார்க்கும். ஆகவே தரையிலும் ஸ்டிக் (எய்லிரானையும் எலிவேட்டரையும் அசைக்கும் கைப்பிடி) சும்மா இருக்கக் கூடாது. காற்று முன்பக்கச் சாய்விலிருந்து வந்தால் ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாயுங்கள். பின்பக்கச் சாய்விலிருந்து வந்தால் காற்றுக்கு மறுபக்கம் சாய்த்து, முன்னால் தள்ளி வையுங்கள்.

ஓடுபாதைக்கு முன் நின்று 4000 சுற்றில் இரண்டு இக்னிஷனையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சுற்று 300க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 115ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பி வந்துவிடுங்கள். ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சே வேண்டாம்.

அப்புறம், வாய்விட்டு ஒரு பேச்சு. ‘பாதி ஓடுபாதைக்குள் எழும்பும் வேகத்தின் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்துகிறேன். எழும்பியதும் எஞ்சின் நின்றால் நேராக முன்னால் இறங்குகிறேன்.’ தனியாக இருந்தாலும் சொல்லுங்கள். மேலே போய் யோசிக்க நேரம் இருக்காது.

எழும்புதல்

த்ராட்டிலை நிதானமாக முழுக்கத் தள்ளுங்கள். மூக்கு இடதுபக்கம் இழுக்கும், வலது ரட்டரால் பிடியுங்கள். எஞ்சின் மானிகளையும் வேகமானியையும் ஒருமுறை பாருங்கள். 5800 சுற்று ஐந்து நிமிடத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு 5500க்குள் வர வேண்டும். எடை குறைவு என்பதால் நீங்கள் நினைப்பதைவிட முன்பே அது தரையை விட்டுக் கிளம்பும். கிளம்பியதும் உற்சாகத்தில் மூக்கைத் தூக்காமல் ஏறும் வேகத்தைப் பிடித்து வையுங்கள்.

இங்கே எஞ்சின் நின்றால்? ஏறிக்கொண்டிருக்கும் மூக்கு மேலே பார்க்கிறது, தள்ளும் சக்தி போய்விட்டது, சேமித்த வேகமும் இல்லை. முதல் வேலை ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கை இறக்குவது. இது மனதுக்கு ஒவ்வாத செயல், தரை அருகில் இருக்கும்போது யாருக்கும் தரையை நோக்கிக் குத்தத் தோன்றாது. அதனால்தான் உயரத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். இரண்டாவது, விட்டுவந்த ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையை அடக்குவது. அதற்கு 180 டிகிரி போதாது, ஓடுபாதையின் கோட்டில் சேர அதற்கும் மேலே வளைய வேண்டும், காற்று முதுகுக்கு வந்துவிடும், உயரமும் தீர்ந்துவிடும். முன்னால் தெரியும் வயலோ புதர்க்காடோ போதும். மெதுவான விமானத்துக்குள்ள ஒரே பெரிய வரம் இது: 40 நாட் வேகத்தில் கட்டுப்பாட்டோடு புதரில் இறங்கினால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

மேலே

பயிற்சிப் பகுதியில் மெதுவாகப் பறப்பதும் ஸ்டாலும்தான் முக்கியப் பாடம். ஸ்டால் என்றால் எஞ்சின் நிற்பது அல்ல; இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிஞ்சிப்போய் தூக்கும் சக்தி அறுவது. தரையிலிருந்து 1500 அடிக்குக் கீழே போகாமல் மீளும்படி உயரம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மீளும் வரிசை: ஸ்டிக்கை முன்னால் விடுங்கள், ரட்டரால் நேராக்குங்கள், சக்தி கொடுங்கள். இந்த விமானங்கள் பலவற்றில் ஸ்பின் (ஸ்டால் ஆனபடி சுழன்றுகொண்டே விழுவது) செய்யத் தடை உண்டு. ஆகவே ஸ்டாலில் ஒரு இறக்கை சரியும்போது அதை எய்லிரானால் தூக்கப் பார்க்காதீர்கள், காலால் பிடியுங்கள்.

எஞ்சின் சுற்று காரணமில்லாமல் இறங்கினால் கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பனிக்கட்டி கட்டுகிறதா என்று சந்தேகியுங்கள். ஈரக்காற்றுள்ள மிதமான நாளிலும் கட்டும். அதற்குச் சூடான காற்றை அனுப்பும் விசை இருந்தால் முழுக்கத் திறக்க வேண்டும்.

எஞ்சின் நின்றேவிட்டால்: முதலில் மிதக்கும் வேகம் (எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் போகும் வேகம்), பிறகு இறங்க ஒரு நிலம், அதற்குப் பிறகே காரணம் தேடல். பெட்ரோல் வால்வு, பம்ப், இக்னிஷன், சோக். நேரம் மிஞ்சினால் ரேடியோவில் 121.5 என்ற அவசர அலைவரிசை, டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு நம் அடையாளத்தை அனுப்பும் கருவி) 7700 என்ற அவசரக் குறி. வரிசை மாறக் கூடாது. ரேடியோவில் பேசிக்கொண்டே வேகத்தை விட்டால் பேச்சால் பயன் இல்லை.

இறங்குதல்

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத அமெரிக்க விமானத்திடல்களில் வழக்கமாகத் தரையிலிருந்து 1000 அடி உயரத்தில், இடதுபுறமாக வளைந்து சுற்றி வருவார்கள். எங்கே இருக்கிறீர்கள், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ரேடியோவில் சொல்லிக்கொண்டே வாருங்கள். சொல்லாமல் வருபவர்களும் உண்டு, கண்ணை மட்டுமே நம்புங்கள்.

கடைசி வளைவுதான் ஆபத்தான இடம். பக்கக்காற்று தள்ளிவிட, ஓடுபாதையின் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். உடனே இன்னும் சாய்த்து இழுக்கத் தோன்றும், காலும் ரட்டரை உள்பக்கம் மிதிக்கும். கணக்கைப் பாருங்கள்: நேராகப் பறக்கையில் 40 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து வளைந்தால் 48 நாட்டிலேயே ஸ்டால் ஆகும், 60 டிகிரி சாய்ந்தால் 57. நீங்கள் வருவதே 55 வாக்கில். இந்த உயரத்தில் ஸ்டாலோடு ஸ்பின் சேர்ந்தால் மீள இடமில்லை. ஆகவே கடைசி வளைவில் 30 டிகிரிக்கு மேல் சாய்ப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் த்ராட்டிலைத் தள்ளி, இறங்காமல் மேலேறி மறுசுற்று போங்கள். மறுசுற்றுக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

காற்று 10 நாட், வீச்சு (திடீரென்று எகிறும் காற்றின் உச்சம்) 18 என்றால் வித்தியாசத்தில் பாதியான 4 நாட்டை உங்கள் இறங்கும் வேகத்தோடு கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் ஓடுபாதை முழுக்க மிதந்துகொண்டே போவீர்கள். த்ராட்டிலைச் சட்டென்று மூடாதீர்கள். கனமான விமானம் அதற்குப் பிறகும் மிதக்கும், இது பொத்தென்று உட்காரும். தரைக்கு ஒரு ஆள் உயரத்துக்குள் வந்ததும் ஓடுபாதையின் தொலை முனையைப் பார்த்தபடி மெல்ல மெல்ல ஸ்டிக்கை இழுங்கள். முதலில் பின்சக்கரங்கள், மூக்குச் சக்கரம் தானாக இறங்கட்டும்.

துள்ளிவிட்டால்? சின்னத் துள்ளல் என்றால் ஸ்டிக்கை அப்படியே பிடித்துத் திரும்ப உட்கார விடுங்கள். பெரிய துள்ளல் என்றால் முழுச் சக்தி, மூக்கை நேர்நிலைக்குக் கொண்டுவந்து வேகம் எடுத்து, ஃபிளாப்பைப் படிப்படியாக ஏற்றி மறுசுற்று. ஸ்டிக்கை முன்னால் குத்தி அதைத் தரைக்கு அழுத்த மட்டும் பார்க்காதீர்கள். மூக்குச் சக்கரம் முதலில் மோதும், மறுபடி எகிறும், இரண்டு மூன்று துள்ளலில் கால் மடங்கிப் புரொப்பெல்லர் தரையைத் தட்டும். தட்டினால் அப்புறம் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் சோதிக்காமல் பறக்க முடியாது.

நிறுத்திய பிறகு

எஞ்சினைச் சிறிது நேரம் குறைந்த சுற்றில் ஆறவிட்டு ரேடியோ, இக்னிஷன், மெயின் சுவிட்ச் என்று அணையுங்கள். சாவி வெளியே, பாராசூட் ஊசி உள்ளே. காப்பி குடிக்க ஐந்து நிமிடம் போவதானாலும் கயிறு கட்டிவிட்டுப் போங்கள். ஒரு சூறைக்காற்று போதும் இதைப் புரட்ட. ஸ்டிக்கை பெல்ட்டாலோ பூட்டாலோ அசையாமல் கட்டிவையுங்கள்.

பிறகு பள்ளியின் பதிவேடு. மானியில் கண்ட எண்ணெய்ச் சூடு, கேட்ட விநோதச் சத்தம், பிரேக்கின் இழுப்பு எதுவானாலும் எழுதுங்கள். தடாலென்று இறக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள், மெக்கானிக்கிடம் நேரிலும் சொல்லுங்கள். அவர் மூக்குக் காலைக் கழற்றிப் பார்க்க அரை நாள் ஆகலாம், உங்களுக்கு அடுத்துப் பறக்க இருந்த மாணவர் முகம் சுளிக்கலாம். சொல்லிவிடுங்கள்.